பாதிப் பெயர்

எம் மாணவர்தம் கட்டுரைக் கோப்புகளை, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸ் என்னும் எழுத்துச் செயலியில் திறந்து படிப்பது எமது வழக்கம். அடிவரியில் 'அப்' என எழுதி டேப் விசையை அழுத்தினால், 'அப்துல்' வரை அதுவே நிரப்பி நின்றுவிடும். மீண்டும் அழுத்தினால் ரஹ்மான், ஹமீத், காதர் என மூவரையும் காட்டிக் காத்திருக்கும். மூவர்க்கும் பொதுவானதை மட்டுமே முடிக்கும்; மிச்சத்தை ஊகிக்காது. லிஸ்ப் மொழி அறிந்தோர் இவ்வியல்பை மாற்றிக்கொள்ளலாம், யாம் மாற்றவில்லை.

அப்துல் என்பது பாதிப் பெயரே. அடியான் என்னும் பொருள். இறைவனின் எத்திருநாமத்திற்கு அடியான் என்பது அடுத்த சொல்லில் அன்றோ உள்ளது!

யாமோ ஊகித்தோம். சென்ற பருவத்தில் 'அப்துல்' என்றழைத்து, எழுந்து நின்றவனைப் பாராட்டினோம். கட்டுரையை எழுதியவன் பின்வரிசையில் தலைகுனிந்திருந்தான். 'அப்துல் காதர்' என அவனை முழுதாக அழைக்க எமக்கு இரண்டு வாரம் ஆயிற்று.