பால் மறந்த பிள்ளை

நெல்லியாம்பதியிலிருந்து மூணாறு வரை, கேரளத்து மலைத் தோட்டங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்பே ஒரு பாடம் வந்துவிடும்: அம்மா போவாள், அம்மா வருவாள். 50 பெண்கள் வேலை செய்தால் அங்கே பிள்ளைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மூணாறு லயம் ஒன்றில் பிறந்த நானும் காப்பகத்து ஆயாவின் இடுப்பில் இருந்தபடிதான் அம்மா கொழுந்து பறிக்கப் போவதைப் பார்த்து வளர்ந்தேன்.

இந்தப் போதலிலும் வருதலிலும்தான் மனித மனம் உருவாகிறது என்றார் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள பற்றுதலைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் தொகுதி 1969-ல் வெளிவந்தது. அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், அமெரிக்காவில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தாய் சில நிமிடங்கள் அறையை விட்டுப் போய்த் திரும்புவார். போகும்போது நடப்பதைவிட, திரும்பி வந்ததும் நடப்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. சில குழந்தைகள் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடி, ஆறுதல் பெற்று, மறுபடி விளையாடப் போயின. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில கட்டிக்கொண்டே கோபத்தில் உதைத்தன, எளிதில் ஆறவில்லை.

எங்கள் ஜெபக்கூட்டங்களிலும் இந்த மூன்று வகையினர் உண்டு. வேளை தவறாமல் ஜெபித்தும் தனக்கென்று எதையுமே கேட்காதவர் ஒருவர். சின்னக் காய்ச்சல் வந்தாலும் ஆண்டவர் கைவிட்டாரோ என்று நடுங்கி உபவாசம் இருப்பவர் இன்னொருவர். கடவுளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, வேலையைப் பார்க்கப் போகிறவர் மூன்றாமவர். 1990-ல் அமெரிக்க உளவியலாளர்கள் லீ கிர்க்பாட்ரிக்கும் பிலிப் ஷேவரும் வெளியிட்ட ஆய்வில், தாயோடு ஒட்டாமல் வளர்ந்ததாகச் சொன்னவர்களிடையே திடீர் மனமாற்றம் அதிகமாக இருந்தது. வீட்டில் கிடைக்காத மடியைச் சிலர் கடவுளிடம் தேடுகிறார்கள் போலும்.

வேலைக்குப் போன தாய்மாரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சாயங்காலம் வந்து வாரி எடுத்த தாயிடம் பிள்ளை பயமில்லாமல் அழ முடிந்தால் போதும்.

என் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. கயத்தாறு பக்கம் பாட்டியிடம் விடப்பட்டு வளர்ந்தவர் அவர். தாய் தகப்பன் வருடத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வருவார்கள். "அழுதா அடுத்த வருஷம் வர மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். என் தம்பி ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்தபோதும் அழவில்லை. அன்று ராத்திரியும் வீட்டில் ஜெபம் நடந்தது. சபையில் அவருடைய விசுவாசத்தைப் புகழ்ந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நாலு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். செய்தி வந்த அன்று ராத்திரி அம்மா முழங்கால் போடவில்லை. "ஏன் ஆண்டவரே, என் பிள்ளையையும் எடுத்தீர்?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். தம்பிக்காக அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு நீண்ட ஜெபங்கள் குறைந்துவிட்டன. அடுப்படியில் நின்றபடி, மூட்டு வலிக்கிறது என்று கடவுளிடம் முறையிடுகிறார். சபையில் சிலருக்கு இது விசுவாசக் குறைவாகத் தெரிகிறது. எனக்கோ, அம்மா இப்போதுதான் வளர்ந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

பைபிளின் 131-ம் சங்கீதம் ஆத்துமாவின் அமைதியைத் தாயிடம் இருக்கும் பால் மறந்த பிள்ளைக்கு ஒப்பிடுகிறது. பால் மறக்கவைப்பது எவ்வளவு பெரிய யுத்தம் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். வேப்பெண்ணெய் தடவிய தாயைப் பிள்ளை நம்ப முடியாமல் பார்க்கும். நாலு ராத்திரி அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாது. பிறகு ஒருநாள், எதுவும் கேட்காமல் அதே மடியில் வந்து உட்காரும். அழுது முடித்ததால் வந்த அமைதி அது. துக்க வீட்டில் "ஆண்டவரைக் கேள்வி கேட்காதே" என்று தேற்றப் போகிறவர்கள், அந்த நாலு ராத்திரியை ஒருவருக்கும் மறுத்துவிடக் கூடாது.