ரிச்சி தெருவில் டிஸ்க் மீட்பவர்கள்

சென்னை ரிச்சி தெருவில் கீழ்த்தளம் முழுக்க சார்ஜர், கேபிள், கேமரா வியாபாரம். நான் தேடிப்போன டேட்டா ரெக்கவரி கடை மாடியில் இருந்தது. மேஜை மேல் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, மேக் ஒன்று என லேப்டாப்கள்.

கல்யாண போட்டோகிராபர் ஒருவர் ஒரு டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். செருகியதுமே விண்டோஸ், ஃபார்மட் செய்யவா என்று கேட்டிருக்கிறது.

"ஓகே குடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்ல தம்பி, கேன்சல்தான்."

"அப்ப பயமில்ல."

பவர் கொடுத்து டிஸ்க்கைக் காதருகே பிடித்தார். டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஹெட் போயிருக்கும். சாஃப்ட்வேரை ஓட்ட ஓட்டச் சேதம்தான் கூடும். சத்தமில்லை. லினக்ஸில் செருகினார். அதிலும் டிஸ்க்கைத் தானாக மவுன்ட் செய்யும் வசதியை முன்பே நிறுத்தி வைத்திருக்கிறார். உதவுகிறேன் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்கில் தானாக எழுதிவைப்பதுதான் இவருக்குப் பெரிய தலைவலி.

முதலில் டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேரில் முழு நகல். நல்ல பகுதிகளை முதல் சுற்றிலேயே அள்ளிக்கொண்டு, அடிபட்ட இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து அவற்றைச் சிறுகச் சிறுகப் படிக்கிறது. எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு மேப் ஃபைலில் ஏறிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நேரம் எடுக்கும். டீ வந்தது.

இனி எல்லாம் நகலின் மேல்தான். அடுத்து டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இந்த மீட்பு சாஃப்ட்வேர் இலவசம். மூன்று சிஸ்டத்திலும் அதே கறுப்புத் திரை, அதே மெனு. டிஸ்க்கின் பெயர்தான் மாறும்: விண்டோஸில் எண், லினக்ஸில் எஸ்டிபி, மேக்கில் டிஸ்க்2. மேக்கில் கூடுதலாக அனுமதியும் கொடுக்க வேண்டும். "பேர நம்பாதீங்க சார், கழட்டி மாட்டினா மாறிடும். மாடலையும் சைஸையும் பாருங்க" என்றார்.

பூட் செக்டர் கெட்டிருந்தது. என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் அதற்கு ஒரு நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். அதை எடுத்து முன்னால் எழுதியதும் முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. போட்டோகிராபர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஒரு ஃபோல்டர் மட்டும் இல்லை. அதற்கு ஃபோட்டோரெக் என்ற இன்னொரு சாஃப்ட்வேர். அது ஃபைல் சிஸ்டத்தையே பார்ப்பதில்லை. எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளோடு தொடங்கும் இடமெல்லாம் ஜேபெக் என்று பிடித்து எடுக்கிறது. படம் வரும், பெயர் வராது. ஆனால் கேமரா பதிந்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் அதை வைத்துப் பிரிக்கலாம். அந்த வேலை வாடிக்கையாளருடையது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நூறு சதவீதம் மீட்போம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண், எஸ்எஸ்டி லேப்டாப்போடு. புராஜெக்ட்டை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டாள். அழித்த இடத்தை டிரிம் கட்டளை உடனே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அதன்பின் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். "கைடுக்கு மெயில் அனுப்பியிருப்பியே, அதுல பழைய காப்பி இருக்கான்னு பாரும்மா."