சனிக்கிழமைகளில் யாழ். நூலகம்

கிளிநொச்சியில் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால், ஆனையிறவின் உப்புக்காற்றையும் தென்மராட்சியின் பனைகளையும் கடந்து ஒன்பது மணிக்கு முன் யாழ்ப்பாணம் வந்துவிடலாம். பஸ் நிலையத்திலிருந்து பொது நூலகம் நடக்கும் தூரம்தான். இரண்டு வருடங்களாக என் சனிக்கிழமைகள் இப்படித்தான் விடிகின்றன. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறேன். சமூகவியல் பட்டமும் ஒரு வேலையும் இருக்க, முப்பது தாண்டிய பிறகு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் ஓர் அக்கா.

2015ஆம் ஆண்டு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் 2009இல் காணாமற்போனவர். கொடிகாமத்தில் அவருடைய சீதனக் காணி இருந்தது. அதை விற்று மகளைப் படிப்பிக்க நினைத்தார். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நான் சொன்னேன்: “அக்கா, 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணச் சான்றிதழ் எடுங்கோ. வேறு வழியில்லை.” அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். “அவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன், பிள்ளை.” காணி அப்படியே கிடந்தது. மகள் படிப்பை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள்.

நூலகத்தின் வெள்ளைக் குவிமாடங்களையும் வாசலில் அமர்ந்திருக்கும் சரஸ்வதியையும் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1981இல் மே 31 இரவில் தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. திரும்பக் கட்டிய அந்தக் கட்டடத்தில்தான் இன்று எங்கள் பிள்ளைகள் குனிந்து படிக்கிறார்கள். காலையில் பத்திரிகை மேசையில் ஐயாமார். மற்ற மேசைகளில் உயர்தர மாணவர்கள். அவர்கள் நடுவே நான், பழைய வினாத்தாள்களோடு.

பரீட்சைக்கு இரண்டு தாள்கள். ஒன்று மொழி. மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். மொழித் தாள் எனக்குப் பயமில்லை. மற்றவர்களுக்காக நான் எழுதிய மனுக்கள் எத்தனை! எண் தொடர்கள்தான் கழுத்தைப் பிடித்தன. அருகில் இருந்த ஒரு தங்கச்சி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், கொப்பியில் கீறிக் கீறிச் சொல்லித்தந்தாள். முதல் தடவை நான் தெரிவாகவில்லை. மறுவாரமும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

ஒரு நாள் பொது அறிவுக் குறிப்புக்காகச் சட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைகள் கட்டளைச் சட்டம். கணவரின் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் அதே சட்டத்தில், அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றம் வழங்கலாம் என்றும் இருந்தது. மரணச் சான்றிதழ் இல்லாமலே! 1911இலிருந்து இருந்த வாசல். “வேறு வழியில்லை” என்று நான் சொன்னது பிழை. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாளே அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, “இப்ப எண்டாலும் தெரிஞ்சுதே” என்றார். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு இருவரும் போனோம். மனு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. 2016இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணவில்லை என்பதற்கான சான்றிதழும் எடுக்கலாம். அதையும் அவருக்குச் சொன்னேன்.

சகோதரிகளே, சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் 1874இல் தொடங்கியது. பெண்கள் சட்டத்தரணியாவதற்கு இருந்த தடையை நீக்க 1933இல் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கல்லூரிப் பரீட்சைகள் ஆங்கிலத்தில் மட்டுமே என்று 2020 டிசம்பரில் வந்த விதியை நாடாளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. ஆகவே தமிழில் படித்த உங்கள் மகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, பிறகு ஆறு மாதப் பயிற்சி. எல்லோரும் அங்கே போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாராவது “வழியில்லை” என்று சொன்னால், என்னைப் போன்ற ஒருத்தி சொன்னாலும், இன்னொருவரிடமும் கேளுங்கள்.

போன சனிக்கிழமை கொடிகாமத்தில் அக்காவும் பஸ்ஸில் ஏறினார். காணியைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு வருகிறாராம். என் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “எப்ப பிள்ளை சோதினை?”