கிளிக்குள் இருக்கிற உயிர்

வீட்டிலுள்ள யந்திரங்கள் எல்லாம் நோய் வந்தால் ஏதாவது ஒரு விதத்தில் நம்மிடம் சொல்லிவிடும். கிரைண்டர் திணறினால் 'உர்' என்று உறுமும். மிக்ஸி மோட்டார் புகைந்தால் வாசனையே காட்டிக் கொடுக்கும். ஐஸ் பெட்டி கெட்டால் மறுநாள் காலை பால் திரிந்து தகவல் சொல்லும். இந்த லாப்டாப் இருக்கிறதே, இது மட்டும் தனி ஜாதி. நேற்று ராத்திரி நன்றாக வேலை செய்தது என்று மூடி வைத்திருப்போம்; இன்று காலை பட்டனை அழுத்தினால், சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்துவிட்ட மாமாவைப் போல முகத்தைத் திருப்பிக் கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்துகிறோம். கெஞ்சுகிறோம். ஊஹூம்!

உடனே வீட்டில் யாராவது ஒருவர் அதைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். அங்கே தீர்ப்புத் தயாராகக் காத்திருக்கும்: "மதர்போர்டு போயிடுச்சும்மா." அப்படியென்றால் என்ன, அதோடு கூட வேறு என்னவெல்லாம் போயிற்று என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்ட மாதிரி எழுந்து வந்துவிடுகிறோம்.

என் நாத்தனாருக்கும் அதுதான் நடந்தது. அவள் கணவர் 2023-ல் காலமாகி விட்டார். நல்ல கதைசொல்லி. பெங்களூரிலிருந்து பேத்தி லீவுக்கு வந்தால், ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, லாப்டாப்பைத் திறந்து வைத்து, தாம் சொல்லும் கதையை அதிலே பதிவு செய்வார். ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி, ஒரு கிளிக்குள் இருக்கிற கதை. பேய்க்குத் தலைவாரிவிட்ட கிழவி கதை. இப்படி நாற்பதுக்கு மேல் இருக்கும். நடுநடுவே குழந்தை "ஏன் தாத்தா?" என்று குறுக்கே கேட்பதும், அவர் சிரிப்பதும், இருமுவதும்கூட அதில் உண்டு. வேறு எங்கும் அதற்குப் பிரதி கிடையாது.

போன வருஷம் ஒரு நாள் அந்த லாப்டாப் உயிரை விட்டது. 2016-ல் வாங்கியது. கடைக்காரர் வழக்கமான தீர்ப்பைச் சொல்லி, "இதை எங்ககிட்டயே குடுத்துடுங்க, புதுசுல ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன்" என்றாராம். நாத்தனார் எனக்கு டெலிபோன் செய்தபோது அவள் குரலே சரியாக இல்லை.

"குடுத்துடலாமா அண்ணி? வேற வழி இல்லைன்னு சொல்றாங்களே!"

"பையோட எடுத்துக்கிட்டு இங்கே வா" என்றேன். எங்கள் அடுத்த வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். பாட்டுக் கிளாசுக்குப் போகிற மாதிரி சர்வ சாதாரணமாக ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்து சேர்ந்தாள். அவள் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அவள் லாப்டாப்பைத் தொடவே இல்லை. சுவரிலுள்ள பிளக்கில் என் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தாள், மின்சாரம் வருகிறது. பிறகு லாப்டாப்பின் சார்ஜரைத் திருப்பி அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். அநேகமாக 19 வோல்ட் என்று போட்டிருக்கும். இரவல் சார்ஜர் போட்டுப் பார்ப்பதானால் அந்த வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூட இருந்தால் பாதகமில்லை. முனையும் சரியாகப் பொருந்த வேண்டும். கம்பி உள்ளே அறுந்த சார்ஜரையும், ஆடிப்போன சார்ஜிங் ஓட்டையையும் வைத்துக்கொண்டு 'லாப்டாப்பே போய்விட்டது' என்று அழுத குடும்பங்கள் உண்டு என்றாள் அந்தப் பெண்.

அடுத்தது ஒரு வேடிக்கை வைத்தியம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் போல அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே மிச்சம் மீதி தங்கியிருக்கும் மின்சாரம் அதில் வடிந்து போகுமாம். அப்புறம் பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகிப் பட்டனை அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போலச் சில லாப்டாப்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். மருந்துமில்லை, செலவுமில்லை. புது மாடல்களில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்குச் சார்ஜரை எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்திப் பிடிப்பதோடு சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். விரலால் தேய்க்கிற பட்டை மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, லாப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, உள்ளே பேட்டரி பூரியைப் போல உப்பியிருக்கக்கூடும். அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கிற வஸ்து அது. தெரிந்தவரிடம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் நோயாளிக்குப் பேட்டரி உப்பவில்லை. வேடிக்கை வைத்தியமும் பலிக்கவில்லை. விளக்கு ஒரு கணம் எரிந்தது, அணைந்தது. அவ்வளவுதான். உங்கள் வீட்டில் வேறு மாதிரியும் நடக்கலாம். விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். அப்போது டார்ச் விளக்கைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் லாப்டாப் உயிரோடுதான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற விளக்குத்தான் அவுட். எச்.டி.எம்.ஐ. கம்பியால் டெலிவிஷனில் இணைத்தால் படம் முழுசாக அங்கே வந்துவிடும். டார்ச்சிலும் டெலிவிஷனிலும் ஒன்றும் தெரியாமல் 'பீப் பீப்' என்று சத்தம் மட்டும் வந்தால், சந்தேகம் ராம் மேல். (ஸ்ரீராமருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஞாபகசக்திக்கான சின்னப் பலகைக்கு அப்படிப் பெயர்.) மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஏதாவது பெரிய இரும்புச் சாமானைத் தொட்டுவிட்டு, அதைக் கழற்றி, பொன்னிறமான விளிம்பைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, 'கிளிக்' என்று சத்தம் வருகிறவரை அழுத்தி மாட்டினால், பாதி நாள் அதுவே போதும். மெல்லிய புது மாடல்களில் ராமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். அங்கே இந்தக் கை வைத்தியம் செல்லாது.

இந்த இடத்தில் என் கணவர் காப்பியும் கையுமாக எட்டிப் பார்த்து, "பொம்மனாட்டிகள் மூணு பேர் சேர்ந்து மிஷினைப் பிரிச்சாச்சா!" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், 1945-ல் 'எனியாக்' என்று ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். ஒரு பெரிய கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பிரம்ம ராட்சசனுக்குள், பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி வால்வுகள் சுமார் 18,000. அதற்குக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்று அவர்களில் இருவர் பெயர். படித்துக்கொள்ள ஒரு புஸ்தகம் கிடையாது. யந்திரத்தின் வரைபடங்களை வைத்துக்கொண்டு தாங்களாகவே கற்றார்கள். ராட்சசன் மக்கர் செய்தால், எந்த வால்வு கெட்டது என்கிற வரையில் தேடிப் பிடிக்கிற சாமர்த்தியம் அவர்களுக்கு வந்துவிட்டது. 1946 பிப்ரவரியில் அதை உலகத்துக்குக் காட்டிவிட்டுப் பெரிய மனிதர்கள் விருந்து சாப்பிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை! என் கணவர் பதில் பேசாமல், காலித் தம்ளரைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குள் அந்தப் பெண் ராமை மாற்றிப் பார்த்தாள், மூன்று வோல்ட் பொட்டு பேட்டரியையும் மாற்றிப் பார்த்தாள். கடைசியில் நிமிர்ந்து, "கடையிலே சொன்னது நிஜம்தான் மாமி. மதர்போர்டுதான்" என்றாள்.

நாத்தனார் முகம் விழுந்துவிட்டது.

"ஆனா தாத்தா கதை அதிலே இல்லையே!" என்று சொல்லி, அவள் லாப்டாப்பின் ஒரு மூலையிலிருந்து நாலு ஸ்க்ரூவை எடுத்து, சீட்டுக்கட்டு அளவில் ஒரு தகடான பெட்டியை வெளியே இழுத்தாள். அதுதான் ஹார்டு டிஸ்க். மதர்போர்டு என்பது வீட்டுக்குச் சுவரும் கம்பியும் போல. சாமான் இருக்கிற அறை இது. சுவர் இடிந்தால் பீரோவில் உள்ள நகை மாயமாகி விடுமா? கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த இரண்டாயிரம் ரூபாய்க்கு நாத்தனார் தலையை ஆட்டியிருந்தால், கதை அத்தனையும் லாப்டாப்போடு கூடவே போயிருக்கும்.

அதை இன்னொரு கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு சின்ன உறை விற்கிறது, யு.எஸ்.பி. கம்பியோடு சில நூறு ரூபாய். எங்கள் ஊரில் மௌண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் கிடைக்கும். மறுநாள் சாயங்காலம் என் லாப்டாப்பில் அதைச் செருகினோம். முதலில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம், "ஒரு ஊர்ல ஒரு ராட்சசன் இருந்தான்..." நாத்தனார் உள்ளே போய்ச் சமையலறையில் ஏதோ தேடுகிறாற்போல நெடுநேரம் நின்றாள். நாங்கள் கூப்பிடவில்லை.

புது லாப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விவரம் இருக்கிறது. டிஸ்க் இப்போது சூயிங்கம் பட்டை மாதிரி, 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமாக வருகிறது; அதற்குத் தனி உறை. சில மெல்லிய மாடல்களில் அதையும் பலகையோடு பற்றவைத்து விடுவதால், மதர்போர்டு போனால் பீரோவும் போனதுதான். அப்படிப்பட்ட லாப்டாப் வைத்திருப்பவர்கள் நல்ல நாளிலேயே வெளியே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய மாதிரிச் சுழலும் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் அப்படியே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே கீறல் விழக்கூடும். மீட்டெடுக்கத் தெரிந்தவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

பூட்டு ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 11 போட்ட பல லாப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. வேறு கம்ப்யூட்டரில் செருகினால் 48 இலக்கமுள்ள சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண், லாப்டாப்பை முதன்முதலில் துவக்கியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அநேக வீடுகளில் துவக்கியவர் கணவர். பாஸ்வேர்டு அவர் தலைக்குள். நாத்தனாரின் லாப்டாப் பழசாக இருந்ததால் அந்தப் பூட்டு இல்லை.

அன்று ராத்திரியே என் கணவரை உட்காரவைத்து, எங்கள் லாப்டாப்பின் 48 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். "இதென்ன, லாட்டரி நம்பரா?" என்றார். வீட்டுப் பத்திரமும் இன்ஷ்யூரன்ஸ் காகிதமும் இருக்கிற டிரங்குப் பெட்டியில், அவர் பார்க்கும்படியாகவே அதை வைத்துப் பூட்டினேன்.