எழுத்தும் நம்பிக்கையும்

கொத்தனாரை அழைத்து வீடு கட்டச் சொல்லும்போது, இத்தனை அறை, இத்தனை கதவு, இன்ன நாளில் முடித்தல் வேண்டும், இவ்வளவு கூலி என்று பேசிக்கொள்ளாதார் நம்மில் இலர். ஓவியரிடம் செல்லும்போது மட்டும், “நன்றாகப் போட்டுக் கொடுங்கள், பார்த்துச் செய்கிறோம்” என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடுகிறோம். கலையைக் கணக்கில் அடைப்பது பெருமைக்குக் குறைவென்று எண்ணுகிறோம் போலும். அப்பெருமை எவ்வளவு பொல்லாதது என்பதை நான் சொந்த அனுபவத்தால் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் மாநிலத்தில் எங்கள் தோட்டத்து வாசகசாலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு ஒரு மலர் வெளியிடத் தீர்மானித்தோம். காரியதரிசிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்களும், பிழைப்பை நாடிப் பட்டணம் சென்றோரும் பத்தும் இருபதுமாகப் பணம் உதவினர். அட்டைப்படத்துக்காக, எந்த நிறுவனத்தையும் சாராமல் தாமே தொழில் நடத்தும் ஓவியர் இருவரை விசாரித்தோம்.

முதலாமவர் ஓர் இளம்பெண். தாம் முன்பு வரைந்த படங்களைக் காட்டினார். பிறகு ஒரு தாளை நீட்டினார். முன்பணம் பாதி, முதல் வரைவு தரும் நாள், திருத்தம் இரண்டு முறை, படம் எவ்வெவற்றில் அச்சிடப்படும், வேலை இடையில் நின்றால் யார் யாருக்கு என்ன கொடுப்பது, படம் தம் சொந்தப் படைப்பே என்ற உறுதி ஆகிய யாவும் அதில் இருந்தன. எங்கள் நிர்வாகிகளுக்கு அஃது அவமதிப்பாகத் தோன்றிற்று. “நம்மை நம்பாதவரோடு நமக்கென்ன வேலை?” என்றார் ஒருவர். “நம் சாதிப் பையன் ஒருவன் இருக்கிறான், எழுத்தும் வேண்டா, கையெழுத்தும் வேண்டா” என்றார் இன்னொருவர். சாதி ஒழிப்பைப் பற்றி மேடைதோறும் பேசும் நான், அச்சொல்லைக் கேட்டு வாய் திறக்கவில்லை. எண்ணூறு வெள்ளியும் முன்னதாகவே கொடுக்கப்பட்டது.

படம் மூன்று வாரம் பிந்தி வந்தது. அச்சகத்தார் அவசரப்படுத்தவே, ஆராயாமல் அச்சேற்றினோம். ஐந்நூறு படிகளும் கட்டி முடிந்தபின், பள்ளியாசிரியர் ஒருவர் வேறோர் ஓவியர் முன்னரே வெளியிட்ட படத்தை அதனருகே வைத்துக் காட்டினார். நிறம் மட்டுமே மாறியிருந்தது. ஓவியரைக் கேட்டபோது, “இதைப் போல வேண்டுமென்று நீங்கள்தாமே அந்தப் படத்தை அனுப்பினீர்கள்?” என்றார். உண்மையே; எங்களில் ஒருவர் கைபேசியில் அனுப்பியிருந்தார். ‘போல’ என்ற சொல்லுக்கு எல்லை எதுவென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

விழாவுக்கு முந்திய இரவு ஐந்நூறு அட்டைகளையும் கிழித்தோம். மறுநாள் மலரைப் பெற்ற மூதாட்டி ஒருவர், பால் வெட்டிக் காய்ப்பேறிய கையால் அதைத் தடவிப் பார்த்து, “ஏன் தம்பி, இதற்கு முகமே இல்லையே?” என்றார். அவர் கொடுத்த இருபது வெள்ளியும் அந்த எண்ணூறில் இருந்தது.

பின்னரே சட்டத்தைப் படித்தேன். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து வரையச் செய்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடத்து, வரையச் செய்தவரைச் சேரும். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், அவ்வுரிமை வரைந்தவருக்கே. இரு நாட்டிலும் உடன்பாட்டுக்கே முதலிடம். பிறர் படத்தைப் பார்த்து வரைந்ததாயின், அச்சிட்டு வழங்கியவர் என்ற முறையில் உரிமையாளரின் கேள்வி நம் வாசலுக்கே வரும்.

அந்த இளம்பெண்ணைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். “அண்ணா, அந்தத் தாள் என்னைக் காக்க மட்டுமா எழுதியது? உங்களுக்கும் சேர்த்துத்தானே?” என்றார். எங்கள் அடுத்த மலருக்கு அவரே வரைந்தார். அந்தத் தாளில் முதற் கையெழுத்து என்னுடையது.

தோழர்களே! சங்கப் பணம் உழைப்பாளியின் பணம். ஓவியரைத் தேடும்போது அவர் குலத்தைக் கேளாதீர். அவர் வேலையைப் பாருங்கள். தொகை சிறிதாயினும் எழுதிக்கொள்ளுங்கள். வரைவைக் கண்டபின் பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். வேலை முடிந்தால் ஒரு நாளும் தாமதியாமல் மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். ஏமாறும் சங்கத்தைப் போலவே, கூலி கிடையாமல் அலையும் ஓவியரும் நம்மிடையே உண்டு என்பதை மறவாதீர்.