நாய்த்துளசிக்கு வந்த மரியாதை

சப்ஜா விதையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பலூடாவிலும் நன்னாரி சர்பத்திலும் மிதக்குமே, தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் வழவழவென்று கண்ணாடிச் சட்டை மாட்டிக்கொள்ளுமே, அதேதான். ஆனால் அது எந்தச் செடியின் விதை என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். திருநீற்றுப் பச்சிலை என்று பாட்டியைக் கேட்டால் சொல்வார். தாவரவியலில் அதற்கு ஆசிமம் பாசிலிகம் என்று பெயர். கோயில் துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

இதே செடியைத்தான் இத்தாலிக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். பீட்சா மேல் தூவும் பச்சை இலை இதுதான். ஜெனோவா நகரத்தின் பெஸ்டோ சட்னிக்கு (அவர்கள் சட்னி என்று சொல்ல மாட்டார்கள், பரவாயில்லை) உயிரும் இதுதான். பொதுவாக பேசில் என்கிறார்கள். ஜெனோவாப் பகுதியில் விளையும் பேசிலுக்கு 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பே கொடுத்தது. அந்த விதிகளில் ஒரு நிபந்தனை சுவாரசியமானது: இலையில் புதினா வாசம் வரக்கூடாது!

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார். வேலியோரத்திலும் தரிசு நிலத்திலும் யாரும் விதைக்காமலே முளைக்கும் நாய்த்துளசி. ஆசிமம் அமெரிக்கானம் என்று அமெரிக்கப் பெயரைச் சுமந்தாலும் ஆப்பிரிக்காவுக்கும் நம் பக்கத்துக்கும் சொந்தமான செடி. சற்று மட்டமானது என்று தோன்றிவிட்டால் உடனே நாயையோ பேயையோ முன்னால் ஒட்டிவிடுவது நம் வழக்கம். நாய்த்துளசி, நாய்க்கடுகு, பேய்ப்புடல், பேய்க்கரும்பு என்று பட்டியல் நீளும்.

அப்படிப் பெயர் வாங்கிய ஒரு செடியிடம் போய், கோடீஸ்வரச் சொந்தக்காரியான பேசில் உயிர்ப்பிச்சை கேட்க வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில், வணிகத்துக்காகப் பேசில் வளர்ப்பவருக்கு என்ன வேண்டும்? வீட்டுத் தொட்டியில் நாலு இலை பறிப்பவருக்கு எந்த ரகமும் ஒன்றுதான். ஏக்கர் கணக்கில் போடுபவருக்கு அப்படியில்லை. செடிகள் ஒரே உயரமாக நிற்க வேண்டும், அப்போதுதான் இயந்திரம் வைத்து அறுக்க முடியும். சீக்கிரம் பூக்கக்கூடாது, ஏனென்றால் பூவெடுத்த பிறகு இலை சிறுக்கும், தண்டு முரடாகும். இலை கரும்பச்சையாக, கரண்டி மாதிரி லேசாகக் குழிந்து இருந்தால்தான் கடையில் கட்டு கட்டாக விற்கும். தொட்டியோடு விற்பவருக்குக் குட்டையான ரகம் வேண்டும். மற்ற கீரைகளைப் போல ஃப்ரிட்ஜ் குளிரில் வைத்தாலோ பேசில் இலை கறுத்துவிடும், அதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே வாசம். வாசம் என்பது ஒரே பொருள் அல்ல. லினலூல், யூஜினால், சினியோல் என்று பல எண்ணெய்ப் பொருட்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கூடினால்தான் இத்தாலிய பேசில் வாசம். யூஜினால் என்பது கிராம்பின் வாசம்தான். மெத்தில் சாவிகால் ஏறினால் சோம்பு வாடை வந்துவிடும், அது தாய்லாந்து பேசில். சிட்ரால் ஏறினால் எலுமிச்சை பேசில். எல்லாம் நல்ல வாசங்கள்தான். ஆனால் பெஸ்டோ அரைப்பவர் வாங்க மாட்டார். மல்லித்தழை கேட்டவரிடம் புதினாவைக் கட்டிக்கொடுத்தால் வாங்குவாரா?

ஆக, ரகத்தைத் தேர்ந்தெடுப்பது விவசாயி மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் தேர்ந்தெடுப்பது சாப்பிடுபவரின் மூக்கு. அந்த மூக்கு ஒரே வாசத்துக்குப் பழகிவிட்டதால் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரிச் செடிகள். இந்த இடத்தில்தான் வினை வந்தது.

ஒரு தடவை ஏற்கெனவே எச்சரிக்கை மணி அடித்திருந்தது. ஃபியூசேரியம் வாடல் நோய், நன்றாக இருந்த செடியை நின்ற நிலையில் வாடவைத்துச் சாய்த்தது. இஸ்ரேலில் அதைத் தாங்கும் நூஃபார் என்ற ரகத்தை உருவாக்கினார்கள். 1990களில் வந்த அந்த ரகம் பெரும் ஆறுதலாக இருந்தது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

பிறகு வந்தது அடிச்சாம்பல் நோய். தேனிப் பக்கம் திராட்சை போடுபவர்களுக்கு இந்தப் பெயரே வயிற்றைக் கலக்கும். பேசிலைத் தாக்குவது அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறு ஒரு கிருமி, பெரோனோஸ்போரா பெல்பாரி. 1930களிலேயே உகாண்டாவில் பேசிலில் இப்படி ஒரு நோய் பதிவாகியிருக்கிறது. அப்புறம் பல பத்தாண்டுகள் உலகம் அதை மறந்தே போனது. 2001-ல் ஸ்விட்சர்லாந்தில் தலைகாட்டியது. அடுத்து இத்தாலி. 2007-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா. 2008-ல் கிழக்குக் கடற்கரை நெடுகப் பரவி நியூ ஜெர்சி வரை வந்துவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் எப்படித் தாண்டியது? விதையோடு ஒட்டிக்கொண்டு. விவசாயி காசு கொடுத்து வாங்கிய விதைப் பொட்டலத்துக்குள்ளேயே நோயும் உட்கார்ந்து பயணம் செய்தது.

இந்த நோயின் தந்திரம் அலாதி. முதலில் இலை லேசாக மஞ்சள் பூக்கும். பார்த்தால் உரச்சத்து பற்றாத மாதிரியே இருக்கும். விவசாயியும் உரம் போடுவார். இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் அடியில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் தூசி படிந்த மாதிரி வித்துகள் தெரியும். அவை ராத்திரி இருட்டில், ஈரக் காற்றில் உருவாகி, காலையில் காற்றோடு பறந்து அடுத்த வயலுக்குப் போகும். இலை அழுகி விழுந்தால் என்ன, சின்னப் புள்ளிதானே என்று மற்ற பயிரில் சொல்லலாம். பேசிலில் இலைதான் சரக்கே. புள்ளி விழுந்த இலையை யார் வாங்குவார்கள்? அறுவடைக்குத் தயாராக நின்ற வயலை அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டியதுதான்.

மருந்து அடிக்கலாமே என்று கேட்கலாம். நெல், மக்காச்சோளம் போலப் பெரிய பயிராக இருந்தால் மருந்துக் கம்பெனிகள் வரிசையில் நிற்கும். மூலிகைக் கீரைகளுக்கு அனுமதி பெற்ற மருந்துகள் கொஞ்சம்தான். பச்சையாகச் சாப்பிடும் இலை வேறு. இருந்த நல்ல மருந்துகளில் ஒன்றான மெஃபனாக்ஸமுக்கும் கிருமி சில இடங்களில் அசைந்துகொடுக்காமல் பழகிக்கொண்டது. இயற்கை விவசாயிகளின் கையிலோ ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

இஸ்ரேலில் பார் இலான் பல்கலைக்கழகத்தின் யிகால் கோஹன் குழுவினர் வேறு வழிகளையும் யோசித்தார்கள். இருட்டில்தானே வித்து உண்டாகிறது, ராத்திரி முழுக்க விளக்குப் போட்டால்? வேலை செய்தது. அதிலும் சிவப்பு வெளிச்சம் நன்றாகவே தடுத்தது என்று 2013-ல் எழுதினார்கள். ராத்திரியில் மின்விசிறி ஓடவிட்டு இலை ஈரத்தைக் காயவைத்தாலும் நோய் குறைந்தது. பசுமைக்குடிலில் சரி. திறந்த வெளியில் பல ஏக்கருக்கு மின்விசிறி மாட்டுவது நடக்கிற காரியமா?

மிச்சம் இருந்தது ஒரே வழி. நோயைத் தாங்கும் செடியைத் தேட வேண்டும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் அரசு விதை வங்கி ஒன்று இருக்கிறது. பல நாடுகளிலிருந்து சேகரித்த துளசிக் குடும்ப விதைகளும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட சேகரிப்புகளையும் கடை ரகங்களையுமாக நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளை இஸ்ரேல் குழு நோய்க்கு முன்னால் நிறுத்திப் பார்த்தது. இனிப்பு வாசக்கார இத்தாலிய பேசில்கள் மளமளவென்று விழுந்தன. அசையாமல் நின்றவை பெரும்பாலும் காட்டுச் சொந்தங்கள். அவற்றில் முக்கியமானது நம் நாய்த்துளசி இனம்!

சரி, கலந்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பேசில் பூ ரொம்பச் சின்னது. மொட்டு விரிவதற்குள் இடுக்கியால் மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இவ்வளவு பாடுபட்டால் ஒரு பூவுக்கு அதிகபட்சம் 4 விதை. அப்படிப் பிறந்த குழந்தையும் இரண்டு வேறு இனங்களின் கலப்பு என்பதால் மலடாகப் போனது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை கதைதான்.

விடாமல் முயன்று அந்தச் சுவரைத் தாண்டினார்கள். தாண்டிய பிறகும் பாதிக் கிணறுதான். முதல் கலப்பில் பாதி நாய்த்துளசி. எதிர்ப்புச் சக்தியோடு அதன் சின்ன இலையும், கற்பூரமோ எலுமிச்சையோ கலந்த வாடையும் கூடவே வரும். அதனால் திரும்பத் திரும்ப நல்ல பேசிலோடு கலக்க வேண்டும். இதைப் பின்கலப்பு என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்நியப் பங்கு பாதியாகக் குறையும்: 50 சதவீதம், 25, 12.5, 6.25 என்று. ஆறாவது பின்கலப்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு தலைமுறையிலும் நோயைத் தூவி, பிழைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு, பிழைத்ததிலும் வாசம் கெட்டதைத் தூக்கிப்போட வேண்டும். வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்து வீட்டில் வேண்டாத வாச மரபணு குடியிருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் வரும். அவற்றைப் பிரிக்க நூற்றுக்கணக்கான செடிகளைச் சலிக்க வேண்டும்.

பி.பி.1 என்று பெயரிட்ட அந்த ஒற்றை மரபணு இப்படித்தான் நாய்த்துளசி இனத்திலிருந்து பேசிலுக்குள் வந்து சேர்ந்தது. புரோஸ்பெரா என்ற ரகமாகக் கடைக்கும் வந்தது.

அதே சமயத்தில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வேறு பாதையில் போனது. ஜிம் சைமன், ஆண்டி வையனண்ட் ஆகியோரோடு ராபர்ட் பைன் என்ற ஆராய்ச்சி மாணவரும் சேர்ந்து தேடியதில் ம்ரிஹானி என்ற செடி சிக்கியது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்து வகை. சுருள் இலை, பெருஞ்சீரக வாடை. பெஸ்டோவுக்கு ஆகாது. ஆனால் இது வேறு இனம் இல்லை, பேசிலே. அதனால் மலட்டுத் தொல்லை இல்லை. வாசத்தை மட்டும் விரட்டினால் போதும். அந்த 'மட்டும்' பல வருடம் பிடித்தது. மூக்கால் முகர்ந்தும் கருவியில் எண்ணெய்களை அளந்தும் சலித்தெடுத்து, 2018-ல் நான்கு ரகங்கள் வெளிவந்தன: டிவோஷன், அப்செஷன், பேஷன், தண்டர்ஸ்ட்ரக். பக்தி, பித்து, மோகம், இடி! பல வருடம் ஒரே செடியை முகர்ந்தவர்களுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? :-)

சுபம் என்று இங்கேயே போட்டிருக்கலாம். கிருமி விடவில்லை.

ஒற்றை மரபணுவை நம்பியிருக்கும் ரகம், ஒற்றைப் பூட்டுப் போட்ட வீடு. எல்லா வயலிலும் அதே பூட்டு என்றால், ஒரே ஒரு கள்ளச்சாவி போதும். இஸ்ரேலில் பி.பி.1-ஐத் திறக்கும் புதிய கிருமி வகை கிளம்பியது. ஆய்வாளர்கள் திரும்பவும் விதைச் சேகரிப்புக்கே போனார்கள். பி.பி.2 என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்து இரட்டைப் பூட்டாகப் போட்டால் புதிய வகைகளையும் தாங்குகிறது என்று 2022-ல் வெளியிட்டார்கள். அந்த இரட்டைப் பூட்டும் எத்தனை நாளைக்கு என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால்தான் இன்று ரகம் தேர்ந்தெடுக்கும் விவசாயி, இருப்பதிலேயே சிறந்தது எது என்று மட்டும் கேட்டால் போதாது. தாங்கும் ரகத்திலும் ஒன்றையே நம்பாமல் இரண்டு மூன்றைப் பிரித்துப் போடுவது, நெருக்கி நடாமல் காற்றுக்கு வழிவிடுவது, இலையைத் தினமும் திருப்பிப் பார்ப்பது என்று பழைய வேலைகளும் தொடர வேண்டும். நல்ல ரகம் விவசாயிக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவகாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் மறக்கக்கூடாது. வாசத்துக்காகவும் அழகுக்காகவும் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியிடம் அது இல்லை. யாரோ ஒருவர் எப்போதோ ஒரு கைப்பிடி காட்டு விதையைச் சேகரித்து, பெயர் எழுதி, குளிரறையில் வைத்திருந்தார். சேகரித்த அன்று அடிச்சாம்பல் நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எதற்கு உதவும் என்று தெரியாமலே காப்பாற்றி வைத்ததுதான் பிறகு உதவியது.

நம் ஊரில் அந்தச் செடி விதை வங்கியில் இல்லாமல் வேலியோரத்தில் இருக்கிறது. மனை போடும்போது முதலில் ஜே.சி.பி. ஏறுவதும் அதன் மேல்தான். அடுத்த முறை பலூடாவில் சப்ஜாவைக் கடிக்கும்போது அதன் ஏழைச் சொந்தத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பெயரில் நாய் இருந்தால் என்ன, நாய்தானே வீட்டைக் காக்கிறது?