பேரனின் மூச்சுக்காக

மதுரை
புரட்டாசி 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். ஆயுத பூசைக்கு வண்டிக்கு மாலை போட்டு நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நிற்கிற படத்தைச் சித்தி தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டாள். எனக்கும் ரொம்பச் சந்தோஷம். ஆனால் அன்று போனில் நீ சொன்ன விஷயம் மனதிலேயே நிற்கிறது. வண்டியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் பையன் இருமுகிறான், ஏசி போட்டதும் ஊத்தை வாடை அடிக்கிறது என்றாய். ஏற்கெனவே அவனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். கார் ஏசி வேலைதான் என் பிழைப்பு. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு.

ஏசி காற்றைக் குளிரவைக்கும், அதிலிருக்கும் ஈரத்தை எடுக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தூசியைப் பிடிப்பது தனியாக இருக்கும் ஏசி ஃபில்டர். அது கெட்டுப்போயிருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜில்லென்று உட்கார்ந்திருப்பவரும் தெருப் புழுதியைத்தான் மூச்சில் இழுக்கிறார். குளிர்ந்த காற்றெல்லாம் நல்ல காற்று என்று நம்புவதால்தான் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் வரைக்கும் உனக்கு ஜி.எஸ்.டி. சாலைதான் வழி. லாரி, பஸ், கம்பெனி வேன் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஊரும். காருக்குள் வெளிக்காற்று நுழைகிற வாய், முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்ஸர் விடும் புகை நேராக அதற்குள்தான் போகும். அதனால் நெரிசலில் சாலை நடுவே நிற்கும் காருக்குள், ஓரத்தில் நடந்து போகிறவர் சுவாசிப்பதைவிட மோசமான காற்றுகூட இருக்கலாம். புகையில் இருக்கும் பி.எம். 2.5 என்கிற துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராமுக்குமேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை 15 என்று வைத்தது. நம்மைவிட வேகமாக மூச்சு விடும் சின்னப் பிள்ளைகள், உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். அவர்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நான் பயப்படுவது அதற்காகத்தான்.

முதல் வேலையாக ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இறக்கினால் நீளமாக ஒரு மூடி தெரியும். அதைத் திறந்து ஃபில்டரை உருவலாம். வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்து, வேப்பிலையும் பூச்சியும் எலிப் புழுக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஆச்சரியப்படாதே. மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் நான் அடிக்கடி பார்க்கிறதுதான். விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டருக்கு இடம் மட்டும் விட்டு, ஃபில்டர் வைக்காமலே விற்றிருப்பார்கள். உங்களுடையது பழைய வண்டி, முன்பு வைத்திருந்தவர் மாற்றினாரா என்பதும் தெரியாது. அதனால் யோசிக்காமல் புதிது போட்டுவிடு. சில நூறு ரூபாய்தான் ஆகும். காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதிலேயே அம்புக்குறி இருக்கும், பார்த்து வைக்கச் சொல். பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்பார்கள். உன் சாலைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் பார்ப்பது நல்லது. பஞ்சர் கடையில் காற்றடித்து மறுபடி மாட்டாதே. அந்த வேகத்தில் இழைகள் விலகிவிடும், அப்புறம் நுண்தூசி நிற்காது. கரி சேர்த்த ஃபில்டர் கிடைத்தால் வாங்கு, வாடையையும் சில வாயுக்களையும் பிடிக்கும்.

அடுத்தது, காருக்குள் காற்றைச் சுற்றவிடும் பொத்தான். கார் படத்துக்குள் வளைந்த அம்பு போட்டிருக்கும். அதை அமுக்கினால் வெளிக்காற்று நின்று, உள்ளே இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். சிக்னலில், லாரிக்குப் பின்னால், குப்பை எரிகிற இடத்தில் இதைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் போட்டபடியே விட்டுவிடாதே. சின்ன கார் ஒன்றின் உள்ளே ஏறக்குறைய 3000 லிட்டர் காற்றுதான் கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரிய ஆள் ஒருவரே மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்குதான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால், மூன்று பேர் இருக்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 2000-ஐ எளிதாகத் தாண்டிவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும், ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கும். நெடுந்தூரம் போகையில் இது உயிருக்கே ஆபத்து. புகை இல்லாத இடமாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும். மழையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தாலும் இதையே செய், ஏசியை அணைக்காதே.

இனி அந்த வாடை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளிப்புறம் வியர்க்கிற மாதிரி, ஏசியின் கூலிங் காயிலிலும் ஈரம் பூக்கும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் மிச்ச ஈரத்தில் தூசி ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் ப்ளோயரைப் போட்டதும் முகத்தில் அடிப்பது அதுதான். வீசிங் உள்ள பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. நல்ல ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்து காயிலை மருந்து அடித்துச் சுத்தம் செய்யச் சொல், சொட்டுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். முன்சீட்டில் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் குழாய் அடைத்திருக்கக்கூடும். அதன்பின், வீடு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிடு, காயில் காய்ந்துவிடும். மழைக்காலம் வருகிறது, நனைந்த மேட்டையும் குடையையும் வண்டிக்குள் விடாதே. வாரம் ஒருமுறை சீட்டையும் கார்ப்பெட்டையும் வாக்குவம் போட்டு உறிஞ்சு. அப்போது பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

முன்பு வைத்திருந்தவர் வண்டியில் சிகரெட் பிடித்திருந்தால், அந்தக் கசடு சீட்டுத் துணியிலும் கூரைத் துணியிலும் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் வாடையாக வரும். உள்பக்கம் முழுக்கக் கழுவித்தான் ஆக வேண்டும். சென்ட் பாட்டில் வைத்து மறைக்காதே. வாடையோடு கூட ஒரு ரசாயனமும் சேரும், அதுவே இருமலைக் கிளப்பும். எலிக்காகப் பானெட்டிலும் சீட்டுக்கு அடியிலும் அந்துருண்டை போட்டிருப்பதாகச் சொன்னாய். இன்றைக்கே எடுத்துவிடு. அதிலிருக்கும் நாப்தலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உள்ள பொருள். பிறவியிலேயே ஒருவித நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்த அணுக்களை உடைத்துவிடும். அந்துருண்டை போடச் சொன்ன மதினியிடம் நானே பேசிக்கொள்கிறேன். பூசையின்போது ஊதுவத்தியும் சாம்பிராணியும் வண்டிக்கு வெளியே காட்டினால் சாமி ஏற்றுக்கொள்ளும். உள்ளே ஏற்றி வைக்க வேண்டாம்.

ஏசி போட்டதும் டேஷ்போர்டிலிருந்து பென்சீன் கிளம்பிப் புற்றுநோய் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியைப் பார்த்துப் பயப்படாதே. காருக்குள் வரும் பென்சீன் பெரும்பாலும் பெட்ரோல் ஆவியிலிருந்தும் சாலைப் புகையிலிருந்தும் வருவது. ஆனாலும் வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டு. சூடும் பிளாஸ்டிக் வாடையும் வெளியே போகும், ஏசியும் சீக்கிரம் குளிரும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் யாரும் தூங்கக் கூடாது. சைலன்ஸரில் ஓட்டை இருந்தாலோ மூடிய பார்க்கிங்காக இருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, காரில் இருக்கும் ஃபில்டரும் அதைத் தடுக்காது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் இறுக்கமாக இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்கினவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். இன்னொன்று, கடையில் ஒரு நிமிட வேலை என்றாலும் பையனை வண்டிக்குள் தனியே விடாதே. பத்து நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி ஏறிவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும்.

இவ்வளவு செய்தும் இருமல் நிற்கவில்லையென்றால் வண்டியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டு. இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தீபாவளிக்கு வண்டியிலேயே வருவதாகச் சொன்னாய். ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தூரம், வழியெல்லாம் அவன் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஃபில்டரை மாற்றி, காயிலைச் சுத்தம் செய்துவிடு. பிறகு கிளம்பி வாருங்கள், காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள சித்தப்பா